உங்கள் பெட்டி எந்த ஊர் வரை போகும்?

விமான நிலைய முகப்பில் உங்கள் பெட்டியை எடை போடுகிறார்கள். அதன் கைப்பிடியில் ஒரு நீளமான வெள்ளைத் தாளைச் சுற்றி ஒட்டுகிறார்கள். அதே தாளிலிருந்து ஒரு சிறு துண்டைக் கிழித்து, போர்டிங் பாஸின் பின்புறம் ஒட்டித் தருகிறார்கள். பெரும்பாலோர் அந்தத் துண்டைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. நேரே ஒரே விமானத்தில் போகிறவருக்கு அது பரவாயில்லை. நடுவில் ஓர் ஊரில் இறங்கி வேறு விமானத்துக்கு மாறுகிறவருக்கு, கையில் உள்ள தாள்களிலேயே முக்கியமானது அந்தத் துண்டுதான். நீங்கள் எங்கே போக வேண்டும் என்பதைப் பயணச்சீட்டு சொல்கிறது. பெட்டி எங்கே போகப்போகிறது என்பதை அந்த டேக் சொல்கிறது. இரண்டும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

கிள்ளானிலிருந்து மதுரைக்குப் புறப்படும் இரண்டு குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். முதல் குடும்பம் கொழும்பு வழியாகப் போகிறது. கோலாலம்பூரிலிருந்து கொழும்பு, அங்கிருந்து மதுரை. இரண்டு விமானமும் ஒரே நிறுவனம், ஒரே பயணச்சீட்டு. பெட்டிகள் கொழும்பில் ஒரு விமானத்தின் வயிற்றிலிருந்து இறங்கி மற்றொன்றின் வயிற்றுக்குள் ஏறிக்கொள்ளும். இவர்கள் கொழும்பில் பெட்டியைத் தேட வேண்டியதில்லை. குடிநுழைவு வரிசையிலும் நிற்க வேண்டியதில்லை.

இரண்டாவது குடும்பம் சென்னை வழியாகப் போகிறது. சென்னை வரை அனைத்துலக விமானம், அதன்பின் உள்நாட்டு விமானம். இந்தியச் சுங்கத்துறையின் கண்ணில் இவர்கள் நாட்டுக்குள் நுழையும் வாசல் சென்னைதான். ஆகவே டேக்கில் மதுரை என்றே அச்சாகியிருந்தாலும், பொதுவாகச் சென்னையில் பெட்டியை எடுத்து, சுங்கத்தைக் கடந்து, வெளியே வந்து, உள்நாட்டு முகப்பில் மறுபடி ஒப்படைக்க வேண்டும். இதை அறியாமல் கைவீசிக்கொண்டு உள்நாட்டு முனையத்துக்குப் போய்விட்டால் ஆள் மதுரையில் இருப்பார், பெட்டி சென்னையில் இருக்கும். அமெரிக்காவிலும் பொதுவாக இதே நிலைதான். முதலில் இறங்கும் ஊரில் பெட்டியை எடுத்துக் காட்டிவிட்டுத்தான் அடுத்த விமானத்துக்குக் கொடுக்க முடியும்.

ஒரே ஊருக்குப் போகும் இரண்டு குடும்பத்துக்கு இரண்டு விதி ஏன்? பெட்டி தொடர்ந்து போவதை விமான நிலையம் முடிவு செய்வதில்லை. உங்களை ஏற்றிச் செல்லும் நிறுவனங்களுக்கு இடையே உள்ள ஒப்பந்தமும், வழியில் உள்ள நாட்டின் சுங்கச் சட்டமும்தான் முடிவு செய்கின்றன. இதைப் புரிந்துகொள்ள முதலில் டேக்கைப் படிக்கத் தெரிய வேண்டும்.

டேக்கைப் படிப்பது எப்படி?

டேக்கில் கண்ணில் படும்படி பெரிதாக இருப்பது மூன்று எழுத்து. அது கடைசி ஊரின் குறியீடு. கோலாலம்பூருக்கு கே-யூ-எல், சென்னைக்கு எம்-ஏ-ஏ, சிங்கப்பூருக்கு எஸ்-ஐ-என். வழியில் மாறும் ஊர்கள் அதே தாளில் விமான எண்ணோடு தனித்தனியாக அச்சாகியிருக்கும். தமிழர்கள் இங்கே ஒன்றைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். திருச்சியின் குறியீடு டி-ஆர்-இசட். திருவனந்தபுரத்தின் குறியீடு டி-ஆர்-வி. ஓர் எழுத்துதான் வேறுபாடு. பணியாளர் டேக்கை ஒட்டும்போதே அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிடுங்கள். சரிபார்க்க அந்த ஐந்து நொடியைவிட நல்ல நேரம் பிறகு கிடைக்காது.

எழுத்துகள் மனிதர்களுக்காக. இயந்திரம் படிப்பது பார்கோடையும் அதன் அடியில் உள்ள 10 இலக்க எண்ணையும். வாகனத்துக்குப் பதிவு எண் இருப்பதுபோல் பெட்டிக்கு இந்த எண். முதல் இலக்கம் டேக்கின் வகையைக் காட்டும். சாதாரண டேக் 0 என்று தொடங்கும். தவறிப்போன பெட்டியைப் பின்னால் அவசரமாக அனுப்பும்போது போடும் டேக் 2 என்று தொடங்கும். அடுத்த மூன்று இலக்கம் விமான நிறுவனத்துக்கு உரியது. மலேசியா ஏர்லைன்ஸ் 232, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 618, ஏர் இந்தியா 098, ஸ்ரீலங்கன் 603. மிஞ்சிய ஆறு இலக்கம் வரிசை எண்.

ஒன்றைக் கவனித்தீர்களா? இந்த 10 இலக்கத்தில் ஊர்ப் பெயர் இல்லை, உங்கள் பெயரும் இல்லை. அப்படியானால் சிப்பாங்கில் தரைக்கு அடியில் ஓடும் இயந்திரத்துக்கு இந்தப் பெட்டி மதுரைக்குப் போகிறது என்று எப்படித் தெரியும்? அதற்கு வருவதற்கு முன், அந்தக் கோடுகளையே கொஞ்சம் பார்த்துவிடுவோம். பள்ளிப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பழைய டேக் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஐந்தில் இரண்டு

பெட்டி டேக்கில் உள்ள பார்கோடு, மளிகைப் பொருளில் இருப்பதிலிருந்து வேறுபட்டது. இதில் ஒவ்வோர் இலக்கமும் ஐந்து பட்டைகளால் ஆனது. ஐந்தில் சரியாக இரண்டு தடித்தவை, மூன்று மெல்லியவை. ஐந்து இடங்களிலிருந்து இரண்டைத் தேர்ந்தெடுக்க எத்தனை வழி? 5 × 4 ÷ 2 = 10. நமக்கு வேண்டிய இலக்கங்களும் 0 முதல் 9 வரை பத்துதான். ஒன்றுகூட மிஞ்சவில்லை, ஒன்றுகூடக் குறையவில்லை.

எந்த இலக்கத்துக்கு எந்த இரண்டு இடம் என்பதற்கும் ஓர் எளிய கணக்கு உண்டு. ஐந்து இடங்களுக்கும் இடமிருந்து வலமாக 1, 2, 4, 7, 0 என்று மதிப்புக் கொடுங்கள். தடித்த பட்டை உள்ள இரண்டு இடங்களின் மதிப்பைக் கூட்டினால் இலக்கம் கிடைத்துவிடும். முதல் இரண்டும் தடித்திருந்தால் 1 + 2 = 3. இரண்டாவதும் நான்காவதும் தடித்திருந்தால் 2 + 7 = 9. ஒரே விதிவிலக்கு: மூன்றாவதும் நான்காவதும் தடித்திருந்தால் கூட்டுத்தொகை 11 வரும், அதை 0 என்று வைத்துக்கொள்கிறார்கள்.

இடத்தை மிச்சப்படுத்த இன்னொரு தந்திரம். முதல் இலக்கத்தைக் கறுப்புக் கோடுகளில் எழுதுகிறார்கள். இரண்டாவது இலக்கத்தை அந்தக் கோடுகளுக்கு இடையே உள்ள வெள்ளை இடைவெளிகளில் எழுதுகிறார்கள். ஆகவே 10 இலக்கம் என்பது ஐந்து ஜோடி. தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கும் கோடுகளை நீக்கிவிட்டால் 25 கறுப்புக் கோடு, 25 வெள்ளை இடைவெளி.

தாள் கசங்கி ஒரு மெல்லிய கோடு தடித்ததுபோல் தெரிந்தால் என்ன ஆகும்? அந்த ஐந்தில் தடித்தவை மூன்றாகிவிடும். ‘ஐந்தில் இரண்டு’ என்ற விதி உடைந்ததும், படிக்க முடியவில்லை என்று இயந்திரம் சொல்லிவிடும். தவறாகப் படித்துப் பெட்டியை வேறு ஊருக்கு அனுப்புவதைவிட, படிக்க முடியவில்லை என்று ஒதுக்குவது எவ்வளவோ மேல். ஒதுக்கப்பட்ட பெட்டி ஒரு தனி வழியில் போய்ச் சேரும். அங்கே ஒரு பணியாளர் அதைக் கையால் படித்துப் பதிவு செய்து திருப்பி அனுப்புவார். அதற்குச் சில நிமிடம் ஆகும். உங்கள் இரண்டு விமானங்களுக்கு இடையே உள்ள நேரம் குறைவாக இருந்தால் அந்தச் சில நிமிடமே போதும், பெட்டி பின்தங்கிவிட.

பழைய டேக்கைக் கிழித்து எறியச் சொல்வது இதனால்தான். கடந்த தீபாவளிக்குப் போய் வந்த டேக் இன்னும் கைப்பிடியில் தொங்கினால், இயந்திரத்துக்கு ஒரே பெட்டியில் இரண்டு எண் தெரியும். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சிறு பார்கோடு ஒட்டிகளையும் உரித்துவிட வேண்டும். நம்மவர்கள் விரும்பிக் கட்டும் அட்டைப்பெட்டிக்கும் இங்கே ஒரு சொல். பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் வாங்கிய சாமான்களை அடுக்கி, நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டிய பெட்டி பலமாகத்தான் இருக்கும். ஆனால் டேக்கைச் சுற்ற அதில் கைப்பிடி இல்லை. கயிற்றில் தொங்கும் டேக், நகரும் பட்டையின் ஓரத்தில் சிக்கிக் கிழிய வாய்ப்பு அதிகம். பெட்டியின் மேல்புறத்திலும் பக்கத்திலும் பெயரையும் கைப்பேசி எண்ணையும் பெரிதாக எழுதி, உள்ளேயும் ஒரு தாள் வைத்துவிடுங்கள். டேக் போனாலும் அந்தத் தாள் பேசும்.

பெட்டிக்கு முன்னால் ஓடும் செய்தி

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். இயந்திரத்துக்கு ஊர் எப்படித் தெரிகிறது?

முகப்பில் டேக் அச்சாகும் அதே நொடியில், நிறுவனத்தின் கணினி ஒரு சிறு செய்தியை அனுப்புகிறது. ‘இந்த எண் உள்ள பெட்டி, இந்தக் குடும்பப் பெயர் உள்ள பயணிக்கு உரியது, முதலில் இந்த விமானம், அடுத்து அந்த விமானம்’ என்பதுதான் அதன் சாரம். இச்செய்தி புறப்படும் விமான நிலையத்துக்கும் போகும், மாறிச் செல்லும் விமான நிலையத்துக்கும் போகும். பெட்டி வானத்தில் இருக்கும்போதே அது பற்றிய செய்தி அடுத்த ஊரில் காத்திருக்கும்.

தரைக்கு அடியில் பெட்டி நகரும் பட்டையில் ஓடுகிறது. ஒரு வளைவுக்குள் நுழையும்போது மேல், கீழ், பக்கம் என எல்லாத் திசைகளிலிருந்தும் கதிர்கள் அதன்மேல் படுகின்றன. டேக் எந்தப் பக்கம் திரும்பிக் கிடந்தாலும் அகப்பட வேண்டும் என்பதற்காகத்தான் பார்கோடைக் கிடைமட்டமாக ஒன்று, செங்குத்தாக ஒன்று என இரண்டு திசையில் அச்சிடுகிறார்கள். எண் கிடைத்ததும் கணினி அதைச் செய்தியோடு ஒப்பிடுகிறது. பொருந்தினால் சரியான சரிவுக்குத் தள்ளிவிடுகிறது. செய்தி வந்து சேரவில்லை என்றால், டேக் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை.

இதற்கு லண்டனிலிருந்து ஓர் உதாரணம். ஹீத்ரோ விமான நிலையத்தின் ஐந்தாம் முனையம் 2008 மார்ச் 27 அன்று திறந்தது. முதல் சில நாட்களிலேயே ஆயிரக்கணக்கான பெட்டிகள் மலைபோல் தேங்கின, விமானங்கள் ரத்தாயின. காரணங்கள் பல. அவற்றில் ஒன்று நமக்குப் பாடம். சோதனைக் காலத்தில், பிற நிறுவனங்களிலிருந்து வரும் பெட்டிச் செய்திகளைத் தடுத்து வைக்க மென்பொருளில் ஒரு வடிகட்டி போட்டிருந்தார்கள். திறப்பு நாளுக்கு முன் அதை எடுக்க மறந்துவிட்டார்கள். பிற நிறுவன விமானங்களிலிருந்து மாறி வந்த பெட்டிகள் வந்தன, செய்தி வரவில்லை. யாருடையது என்று தெரியாத அத்தனை பெட்டிகளையும் இயந்திரம் கையால் பிரிக்கும் பகுதிக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது. இயந்திரம் பழுதாகவில்லை, செய்தி வராதபோது தான் செய்ய வேண்டியதைச் செய்தது.

1998 ஜூன் மாதம் நம் சிப்பாங் விமான நிலையம் திறந்தபோதும் முதல் நாட்களில் கணினிக் கோளாறால் பயணிகள் பெட்டிக்காகப் பல மணி நேரம் காத்திருந்தார்கள். புது விமான நிலையங்களில் முதலில் திணறுவது பெரும்பாலும் ஓடுபாதை அல்ல, பெட்டிப் பட்டைதான்.

நிலைமை உலக அளவில் தேறித்தான் வந்திருக்கிறது. சீட்டா நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கின்படி 2007-இல் 1,000 பயணிகளுக்கு ஏறத்தாழ 19 பெட்டிகள் தாமதமாகின, சேதமாகின அல்லது தொலைந்தன. 2023-இல் அது 6.9. ஆனால் அந்த ஆண்டில் தாமதமான பெட்டிகளில் 46 சதவீதம், விமானம் மாறும்போதுதான் பின்தங்கியவை. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா, ஒவ்வொரு பெட்டியையும் நான்கு இடங்களில் பதிவு செய்ய வேண்டும் என்று 2018 ஜூனிலிருந்து தன் உறுப்பு நிறுவனங்களைக் கேட்கிறது: பயணியிடமிருந்து வாங்கும்போது, விமானத்தில் ஏற்றும்போது, இடையில் கைமாறும்போது, கடைசியில் பயணியிடம் திருப்பிக் கொடுக்கும்போது. பல நிறுவனங்களின் செயலியில் ‘உங்கள் பெட்டி ஏற்றப்பட்டது’ என்று வருவது அதன் பயன்.

இரண்டு சீட்டு எடுத்தவர் கதை

இப்போது சிக்கலான இடத்துக்கு வருவோம். திருச்சியிலிருந்து உங்கள் உறவினர் ஒருவர் கோலாலம்பூர் வழியாக லண்டன் போக நினைக்கிறார். ஒரே சீட்டாக எடுத்தால் விலை அதிகம். திருச்சி–கோலாலம்பூர் ஒரு மலிவுக் கட்டண நிறுவனம், கோலாலம்பூர்–லண்டன் வேறு நிறுவனம் என்று தனித்தனியே எடுத்தால் குறைகிறது. தேடும் இணையதளமே அப்படி இணைத்துக் காட்டுகிறது. இரண்டிலும் கே-யூ-எல் என்றுதான் போட்டிருக்கிறது. நடுவில் மூன்று மணி நேரம் இருக்கிறது. போதும் என்று நினைக்கிறார்.

அவருடைய டேக்கில் கே-யூ-எல் என்பதோடு பயணம் முடிந்துவிடும். முதல் நிறுவனத்துக்கு அவர் கோலாலம்பூர் வரை போகும் பயணி, அவ்வளவுதான். இரண்டு நிறுவனங்களுக்கும் இடையே பெட்டியைக் கைமாற்றும் ஒப்பந்தம் இல்லாவிட்டால், அடுத்த நிறுவனத்தின் கணினிக்கு எந்தச் செய்தியும் போகாது. முகப்பில் எவ்வளவு கெஞ்சினாலும் பணியாளரால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை.

ஆகவே அவர் மலேசியாவுக்குள் நுழைய வேண்டும். குடிநுழைவு வரிசை, அதற்கு முன்பே நிரப்பியிருக்க வேண்டிய மின்னியல் வருகை அட்டை, நாட்டுக்குள் நுழையத் தகுதியான கடப்பிதழ். அதன்பின் ‘துந்துத்தான் பகாசி’ என்று எழுதியிருக்கும் இடத்தில் பெட்டிக்காகக் காத்திருப்பு, சுங்கம். அதன்பின் முனைய மாற்றம். மலிவுக் கட்டண விமானம் இரண்டாம் முனையத்தில் இறங்கும். லண்டன் விமானம் முதல் முனையத்திலிருந்து புறப்படும்.

கோலாலம்பூரின் இந்த இரண்டு முனையங்களும் ஒரே குறியீட்டின்கீழ் இருந்தாலும், உள்வழியாக நடந்து போகக்கூடிய ஒரே கட்டடம் அல்ல. முதல் முனையம் 1998-இல் திறந்தது. இரண்டாம் முனையம் 2014 மே மாதம் திறந்தது. அதுவரை மலிவுக் கட்டண விமானங்களுக்கு 2006-இல் திறந்த ஒரு தனி நிலையம் இருந்தது. இப்போது இரண்டுக்கும் இடையே ரயிலில் ஏறினால் மூன்று நிமிடம்தான். கட்டணம் 2 ரிங்கிட். பேருந்தும் உண்டு. ஆனால் ரயில் மேடைக்கு வந்து சேர்வதற்கு முந்திய வரிசைகளும், இறங்கியபின் புது முகப்பைக் கண்டுபிடித்து மறுபடி எடை போடுவதும்தான் நேரத்தைத் தின்னும். பல நிறுவனங்கள் விமானம் புறப்பட ஒரு மணி நேரத்துக்கு முன்பே முகப்பை மூடிவிடுகின்றன. அந்த மூன்று மணி நேரத்தில் உண்மையில் கையில் இருப்பது இரண்டுதான். முதல் விமானம் 40 நிமிடம் தாமதித்தால் அதுவும் இல்லை. இரண்டாவது விமானத்தைத் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனத்துக்கு அவர் நேரத்துக்கு வராத பயணி. முதல் நிறுவனத்துக்கு அவர் ஒழுங்காகக் கோலாலம்பூரில் இறக்கிவிடப்பட்ட பயணி. புதுச் சீட்டுக்கான பணம் அவர் பையிலிருந்து போகும்.

என் கணக்கில், இரண்டு சீட்டில் மிச்சமாகும் தொகை, தவறினால் வாங்க வேண்டிய புதுச் சீட்டின் விலையில் பாதிகூட இல்லையென்றால் அந்தத் துணிவு வேண்டாம். வயதான பெற்றோரைத் தனியாக அனுப்பும்போது நிச்சயமாக வேண்டாம். வேறு வழியில்லை என்றால் ஆறு மணி நேர இடைவெளியாவது வையுங்கள்.

ஒரே நிறுவனம் என்பதாலேயே பெட்டி தொடரும் என்றும் இல்லை. ஏர்ஏசியாவில் ‘ஃபிளை-த்ரூ’ என்று இணைத்து எடுத்த பயணத்தில் பெட்டி இறுதி ஊர் வரை போகும். பயணி குடிநுழைவைக் கடக்க வேண்டியதில்லை. அதே இரண்டு விமானங்களைத் தனித்தனிப் பதிவாக எடுத்தால் அந்த வசதி இல்லை. பெட்டியைப் பொறுத்தவரை எத்தனை நிறுவனம் என்பது இரண்டாவது கேள்வி. எத்தனை பதிவு என்பதுதான் முதல் கேள்வி.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. சுபாங். 1965-இல் திறந்த அந்தப் பழைய நிலையம்தான் 1998 வரை கே-யூ-எல் என்ற குறியீட்டை வைத்திருந்தது. சிப்பாங் திறந்ததும் குறியீடு அங்கே போய்விட்டது; சுபாங் எஸ்-இசட்-பி ஆனது. 2024 ஆகஸ்டிலிருந்து சுபாங்கில் ஜெட் விமானங்கள் மறுபடி இறங்குகின்றன. பினாங்கிலிருந்து சுபாங்கில் இறங்கி, சிப்பாங்கில் சென்னை விமானம் ஏறுவதாக ஒருவர் திட்டமிட்டால், அது விமானம் மாறுவது அல்ல, ஊர் மாறுவது. நடுவில் நெடுஞ்சாலையும் அதன் நெரிசலும் இருக்கின்றன.

முதல் முனையத்துக்குள்ளேயே மாறுகிறவர்கள் ஒன்றை நினைவில் வைத்தால் போதும். ‘சி’ என்று தொடங்கும் வாயில்கள் பிரதானக் கட்டடத்தில் இல்லை. தனித்து நிற்கும் துணைக் கட்டடத்தில் இருக்கின்றன. அங்கே போக ஏரோடிரெயின் என்ற ஓட்டுநரில்லா ரயில். 2023 மார்ச்சில் நின்றுபோன அது, அதுவரை பேருந்தில் போய்வந்த பயணிகளுக்கு 2025 ஜூலை 1 முதல் மறுபடி ஓடுகிறது.

ஆள் இல்லாமல் பெட்டி ஏன் போகக்கூடாது?

விமானத்தில் ஏற வேண்டிய ஒருவர் வாயிலுக்கு வரவில்லை என்றால், அவருடைய பெட்டியைத் தேடி இறக்கிய பிறகே விமானம் கிளம்பும். உள்ளே உட்கார்ந்திருக்கும் நாம் சலித்துக்கொள்கிறோம். அந்த விதிக்குப் பின்னால் ஒரு பெட்டியின் கதை இருக்கிறது. அதுவும் விமானம் மாறி அனுப்பப்பட்ட பெட்டிதான்.

1985 ஜூன் 22 அன்று கனடாவின் வான்கூவர் விமான நிலையத்தில் ‘எம். சிங்’ என்ற பெயரில் ஒருவர் பெட்டியோடு வந்தார். டொரொண்டோ வரை அவருக்கு இடம் உண்டு. அங்கிருந்து போகும் ஏர் இந்தியா விமானத்தில் இடம் உறுதியாகவில்லை. அப்படியிருந்தும் பெட்டியை நேராக ஏர் இந்தியாவுக்கு மாற்றி டேக் போடச் சொன்னார். முகப்பில் இருந்த பணியாளர் முடியாது என்றார். அவர் விடவில்லை, வாதாடினார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. கடைசியில் பணியாளர் டேக் போட்டுவிட்டார். அந்த மனிதர் விமானத்தில் ஏறவே இல்லை. பெட்டி மட்டும் ஏறியது. டொரொண்டோவில் மாறியது. அடுத்த நாள் ஏர் இந்தியா 182, அயர்லாந்துக் கடற்கரைக்கு அப்பால் வானிலேயே வெடித்துச் சிதறியது. 329 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அதே நாளில், அதே வான்கூவரிலிருந்து அதே முறையில் அனுப்பப்பட்ட இன்னொரு பெட்டி டோக்கியோவின் நரீத்தா விமான நிலையத்தில் வெடித்தது. பாங்காக் போகும் ஏர் இந்தியா விமானத்துக்கு அதை மாற்றிக்கொண்டிருந்த இரண்டு பணியாளர்கள் இறந்தார்கள்.

1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேலே 270 பேரைக் கொன்ற பான் ஆம் 103 வெடிப்பிலும், மால்டாவிலிருந்து பிராங்பர்ட் வழியாக ஆளில்லாமல் மாறி வந்த ஒரு பெட்டியே காரணம் என்று நீதிமன்றம் முடிவு செய்தது.

பயணியும் பெட்டியும் ஒருங்கே இருக்கிறார்களா என்று ஒப்பிடும் முறை உலகெங்கும் இறுகியது இவற்றுக்குப் பிறகுதான். அந்த 10 இலக்கம் இங்கேயும் வேலை செய்கிறது. எந்தப் பெட்டி எந்தக் கொள்கலனில் இருக்கிறது என்று ஏற்றும்போதே பதிவாகிவிடுவதால், வராத ஒருவரின் பெட்டியைத் தேட எல்லாப் பெட்டிகளையும் வெளியே கொட்ட வேண்டியதில்லை. நிறுவனத்தின் தவறால் பின்தங்கிய பெட்டி மட்டும் உரியவர் இல்லாமல் பறக்கலாம். பயணி அதைத் திட்டமிட்டிருக்க முடியாது என்பது அதற்கான காரணம். அதற்கும் சோதனை உண்டு.

இதே காரணத்தால்தான், ‘ஊருக்குப் போறீங்களே, இந்தச் சின்னப் பையையும் கொண்டுபோய்க் கொடுத்துடுங்க’ என்று கேட்பவருக்கு மறுத்துவிடுவது நல்லது. டேக்கில் உள்ள எண் உங்கள் பெயரோடு கட்டப்பட்டது. உள்ளே இருப்பதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். மலேசியாவில் 1952-ஆம் ஆண்டு அபாயகரமான போதைப்பொருள் சட்டத்தின்கீழ் கடத்தலுக்கு மரண தண்டனைவரை உண்டு.

முகப்பில் கேட்க வேண்டியவை

முதல் விமான நிலையத்திலேயே, டேக் ஒட்டும் பணியாளரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். ‘இந்தப் பெட்டியை நான் எந்த ஊரில் எடுக்க வேண்டும்?’ ‘அடுத்த விமானத்தின் போர்டிங் பாஸும் இங்கேயே கிடைக்குமா?’ இரண்டாவது கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால், இறங்கும் ஊரில் மாற்று விமான முகப்பு எங்கே இருக்கிறது என்றும் கேட்டுவிடுங்கள். மருந்து, நகை, கடப்பிதழ், சான்றிதழ்கள் இவை பெட்டிக்குள் போகக்கூடாது. கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவம் வழியில் உள்ள சோதனையில் பறிபோகும். நல்லெண்ணெயும் ஊறுகாயும் பெட்டிக்குள் போகட்டும்.

கிள்ளானில் இருப்பவர்கள் கொமுட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரலுக்கு வந்து, அங்கிருந்து 28 நிமிடத்தில் முதல் முனையத்தை அடையலாம். இரண்டாம் முனையத்துக்கு 33 நிமிடம். பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்கு அந்த ரயில் நிலையம் தெருமுனையில் இருக்கிறது. அந்த நிலையத்துக்கே எக்ஸ்-கே-எல் என்று ஒரு விமான நிலையக் குறியீடு உண்டு. சில நிறுவனங்களின் பயணிகள் பெட்டியை அங்கேயே ஒப்படைத்துவிட்டு, கைவீசிக்கொண்டு ரயிலேற ஏற்படுத்திய வசதி அது. எல்லா நிறுவனத்துக்கும் எல்லா நாளும் அது கிடைப்பதில்லை, கேட்டுக்கொண்டு போங்கள்.

பட்டை நின்ற பிறகும் உங்கள் பெட்டி வரவில்லை என்றால், அந்தக் கூடத்தைவிட்டு வெளியேறாதீர்கள். அங்கேயே உள்ள பெட்டிச் சேவை முகப்பில், உங்களைக் கடைசியாக ஏற்றி வந்த நிறுவனத்திடம் புகாரைப் பதிவு செய்யுங்கள். கேட்பது டேக் துண்டு, பெட்டியின் நிறம், வடிவம், உள்ளே உள்ள சில பொருட்கள். மூன்று எழுத்து ஊர்க் குறியீடு, இரண்டு எழுத்து நிறுவனக் குறியீடு, ஐந்து இலக்கம் என்று ஒரு கோப்பு எண் தருவார்கள். உலகெங்கும் உள்ள நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும் வேர்ல்ட் டிரேசர் என்ற தரவுத்தளம், எங்கோ உரிமை கோரப்படாமல் கிடக்கும் பெட்டிகளோடு உங்கள் விவரத்தை ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். டேக் பிய்ந்துபோன பெட்டியை, உள்ளே நான்கு பட்டு வேட்டியும் ஒரு குத்துவிளக்கும் இருக்கின்றன என்ற குறிப்பு காட்டிக்கொடுக்கும். ‘துணிமணிகள்’ என்று மட்டும் எழுதினால் அது யாருக்கும் உதவாது.

மலேசியாவும் இந்தியாவும் ஏற்றுக்கொண்டுள்ள 1999-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி, பெட்டிக்கான இழப்பீட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 சிறப்பு எடுப்பு உரிமை. பன்னாட்டு நிதியம் பயன்படுத்தும் கணக்கு அலகு அது. ஏறக்குறைய 2,000 அமெரிக்க டாலர். இது வரம்பு மட்டுமே. தானாகக் கைக்கு வரும் தொகை அல்ல. ரசீதுகளைக் காட்டி நிரூபிக்கும் அளவுக்குத்தான் கிடைக்கும். பெட்டி வராத நாட்களில் வாங்கிய மாற்றுத் துணி, பல் துலக்கி வரை ரசீதை வைத்திருங்கள். பெட்டி உடைந்து வந்தால் கையில் கிடைத்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார் செய்ய வேண்டும். தாமதமாக வந்தால், கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள். வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 21 நாள் கடந்தும் வரவில்லை என்றால் அது தொலைந்த பெட்டி. நீதிமன்றம்வரை போவதானால் அதற்கான காலம் 2 ஆண்டு.